வட்டிலில் இரண்டு தட்டு

வளர்ந்தும் குழந்தை மனசோடிருந்த சென்னியப்பனை முதலமடைப் பண்ணைவீட்டில் பார்த்துக்கொண்டவள் மயிலாத்தாள். அவன் தாய் இறந்ததும், அண்ணன் வந்து அவனைக் கோவிந்தாபுரத்துக்குக் கூட்டிப்போனான். மயிலாத்தாள் எல்லாப் பக்குவமும் சொல்லியனுப்பினாள். சோற்று வட்டிலில் இரண்டு தட்டு தட்டினால்தான் வாய் திறப்பான் என்பதை மட்டும் வேண்டுமென்றே மறைத்தாள். திரும்பி வருவானென்று அவள் பார்த்த பார்வையில் வண்டிப்பாதை ஒரு முழம் பள்ளமாயிற்று.

அந்த வாரமே வில்வண்டி வந்தது.

“ஏனுங்க மயிலாத்தாக்கா, சோத்தக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறானுங்க. என்னமோ சொல்லாம உட்டுட்டீங்க,” என்றாள் அண்ணி.

அவன் ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் மயிலாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை.

“வட்டில ரண்டு தட்டு தட்டுங்க அம்மிணி.”

வேறு கை தட்டினால் திறக்கமாட்டான் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அண்ணி தட்டினாள். யானையே நுழையலாம், அப்படித் திறந்தது வாய்.

வண்டி போனபின், தன் வட்டிலை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் மயிலாத்தாள் சாப்பிட்டாள்.