யாருக்குத் தெரிஞ்சது?

சிந்திக்கச் சொல்லித்தர ஒரு வகுப்பாம், அதுவும் டாக்டர்களுக்கு. பயிற்சி டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவளுக்கு யோசிக்கத் தெரியாதென்று எவன் சொன்னது?

பாதிப் பாடம் வீட்டில் ஃபோனில், மீதி வகுப்பில். ஆளுக்கொரு நோயாளியைப் பற்றிப் பதிவிட வேண்டும். மற்றவர்கள், அடுத்தவர் பதிலைப் பார்க்காமல், என்ன நோய், ஏன் என்று எழுத வேண்டும். கடுப்பில் அவள் இருப்பதிலேயே சுலபமானவரைப் போட்டுத் தொலைத்தாள்: மூச்சுத்திணறலோடு வந்த தையல்காரர். அவசரப் பிரிவுச் சீட்டிலேயே எழுதியிருந்தது: தெரிந்த ஆஸ்துமா. வகுப்பு நாளன்றே வீட்டுக்குப் போகிறவர்.

வகுப்பில் திரை முழுக்க ஒரே பதில்: ஆஸ்துமா. ஏன்? தெரிந்த ஆஸ்துமா. கடைசி வரிசையில் மாணவராக உட்கார்ந்திருந்த பெரிய டாக்டரும் அதையேதான் எழுதியிருந்தார்.

பாடம் நடத்துகிறவளுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘ஏன் மேடம்’. அவள் நிதானமாகக் கேட்டாள்.

“தெரிஞ்ச ஆஸ்துமா, சரி. யாருக்குத் தெரிஞ்சது?”

பயிற்சி டாக்டர் அவசரப் பிரிவு டாக்டரைக் கைகாட்டினாள். அவர், நோயாளியே அப்படித்தான் சொன்னார் என்றார். நோயாளிக்கு யார் சொன்னது? பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். போன தடவை தான்தான் சொன்னதாகவும், தனக்கு முந்தின டாக்டர் எழுதியிருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சி டாக்டர் வார்டுக்கு ஓடினாள். தையல்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மூச்சை இழுக்கக் கஷ்டமா, விடக் கஷ்டமா?”

“இழுக்கத்தாம்மா. இதுகூடவா கேக்காம ஊசி போட்டீங்க?”

ஆஸ்துமா என்றால் விடுவதுதான் பெரும்பாடு. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் கழுத்தில் வைத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே ஏதோ கீச்சிட்டது. பின்னாலேயே வந்துவிட்ட பெரிய டாக்டரைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி நீட்டினாள். உனக்கு ரொம்பத் தெரியுமோ என்று வார்டே கேட்கும்படி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

அவர் குனிந்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டார்.

“எனக்குத் தெரியலைம்மா. ஸ்கேன் எடுத்துப் பாப்போம்.”

‘தெரியலை’ என்ற வார்த்தையை இந்தக் கட்டடத்தில் அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிய மனிதர் இதைச் சொல்லலாமா? சொன்ன பிறகும் இவ்வளவு பெரியவராகவே நிற்க முடியுமா?

ஸ்கேனில் மூச்சுக்குழாய் ஓரிடத்தில் சுருங்கி, குழாயா கோடா என்று தெரியாத அளவுக்கு மெலிந்திருந்தது. இந்த இடுக்கு வழியாகத்தான் அந்த மனுஷன் மெஷின் மிதித்திருக்கிறார், மாடி ஏறியிருக்கிறார், பெண்டாட்டியோடு சண்டை போட்டிருக்கிறார். திரையைச் சுற்றி டாக்டர்கள் கூடிவிட்டார்கள்.

அவள்தான் வார்டுக்குத் திரும்பிப் போனாள்.

“சட்டையைக் கழட்டுங்கண்ணா. இன்னிக்கு வீட்டுக்குப் போகல.”