தபால்காரிக்கு எழுதிய வீடு

உயில் எழுதிய மறுநாள் காலை சிக்னேயின் வீடு கடலைப் பார்த்து ஒரு முழம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். எதிர்க்கரையில் இருக்கும் நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. ஆல்ஷேர் தீவில் ஒரு புகைபோக்கி இடம் மாறியிருக்கிறதே என்று தபால் படகு ஓட்டும் மைக்கன் சொன்ன பிறகுதான் பார்த்தோம். வீடு மைக்கனின் வாசலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் சிக்னே அதை அவளுக்குத்தான் எழுதி வைத்திருந்தாள்.

சிக்னேக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. உயில் இல்லாவிட்டால் வீடு ஸ்டாக்ஹோமில் இருக்கும் அரசு நிதிக்குப் போய்விடும். செவ்வாயும் வெள்ளியும் கதவை மூன்று முறை தட்டி, "சிக்னே, உசிரோட இருக்கீங்களா?" என்று கேட்க அவளுக்கு இருந்தது மைக்கன் ஒருத்திதான். "இன்னிக்கு இருக்கேன். வெள்ளிக்கிழமை வந்து கேளு" என்பாள் சிக்னே. மற்ற ஐந்து நாளும் வானொலியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வசந்தத்தில் அவள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். பழைய கடிதங்களை எரித்தாள். கரண்டி வரைக்கும் பட்டியல் போட்டாள். அடக்கத்தன்று எந்தச் சட்டை, எந்தப் பாட்டு, பாதிரியார் எதைச் சொல்லக்கூடாது என்பதையும் எழுதி ரொட்டி டப்பாவில் வைத்தாள். சாட்சிக் கையெழுத்தில்தான் சிக்கல். வீட்டைப் பெறப்போகிறவள் சாட்சியாக நிற்க முடியாது. படகேறினால் குமட்டும் என்பதால் சிக்னே பன்னிரண்டு வருடமாகக் கரைக்கு வந்ததில்லை. தீவில் மிச்சம் இருந்தது மீன்பிடிக்கிற ஹில்டிங்கும் ரூனேயும்தான். ஹில்டிங் மகளின் கல்யாணத்தன்று, காற்று வீசும் பக்கமாக நின்று ரூனே புளித்த மீன் டப்பாவைத் திறந்து விருந்தையே நாறடித்ததிலிருந்து பத்தொன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சங்கடம் எதற்கு என்று சிக்னே ஹில்டிங்கைக் காலையிலும் ரூனேயைச் சாயங்காலத்திலும் வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.

நாற்பதாம் நாள் அவள் ஏதோ சந்தேகம் வந்து வக்கீலுக்குப் போன் செய்தாள். "தனித்தனியாவா போட்டாங்க? அது செல்லாதும்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உங்க எதிர்ல நிக்கணும்" என்றார் அவர். வீடு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்கும் அதுவரை சட்டம் தெரிந்திருக்கவில்லை போலும். நின்ற இடம் படகுத்துறைக்குப் போகும் பாறை இடுக்கு. தீவில் வேறு பாதை கிடையாது. ஆகவே ஹில்டிங்கும் ரூனேயும் வலை எடுக்கப் போகும்போது அவள் முன்கதவில் நுழைந்து, சமையலறை வழியாகப் பின்கதவில் வெளியேற வேண்டியதாயிற்று.

முதல் வாரம் பூட்ஸைக் கழற்றாமல் போனார்கள். அப்புறம் கழற்றினார்கள். சிக்னே காபி வைத்தாள், ஏலக்காய் ரொட்டி சுட்டாள். இலையுதிர்காலம் முடிவதற்குள் காலை பத்து மணிக்கு இருவரும் ஒரே மேசையில், ஒருவர் ஜன்னலையும் மற்றவர் அடுப்பையும் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தார்கள். காகிதத்தை எடுத்து நீட்டினால் போதும். சிக்னே நீட்டவில்லை. கையெழுத்தானால் வீடு நகரும், பாதை திறக்கும், யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மைக்கன் தட்டும்போதெல்லாம் மட்டும் குற்றம் செய்தவளாக ரொட்டி டப்பாவைப் பார்த்துக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு காலை, அவர்கள் போனதும் சிக்னே அடுப்படியில் விழுந்தாள். மறுநாள் பத்து மணிவரை அப்படியே கிடந்தாள். அன்று இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

"சிக்னே, அந்தாள காலைப் புடிக்கச் சொல்லுங்க" என்றார் ஹில்டிங்.

"புடிச்சாச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் ரூனே.

கட்டிலில் படுத்ததும் அவள் ரொட்டி டப்பாவைக் கேட்டாள். "இனிமே தள்ளிப்போட்டா அந்தப் பொண்ணுக்குத் துரோகம்." இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் வீடு ஒரு முழம் நகர்ந்தது. சில வாரத்தில் இடுக்கு திறந்தது. அன்றும் சிக்னே மூன்று கோப்பை வைத்தாள். பத்தே கால் ஆயிற்று. காபியைக் கொட்டிவிட எழுந்தபோது முன்கதவு திறந்தது. ஹில்டிங் நுழைந்தார், குடித்தார், பின்கதவு வழியே போனார். பின்னாலேயே ரூனே. வீடு கடலில் இறங்கிய பிறகு இரண்டு படகில் வந்தார்கள். பாதைதான் திறந்துவிட்டதே என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சிக்னேக்கு ஒருநாளும் குமட்டவில்லை.

மூன்றாம் வருடம் வீடு எங்கள் கரையில் ஏறி மைக்கனின் வாசலுக்கு எதிரே நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை, சிக்னே ஞாயிறன்றே போய்ச் சேர்ந்திருந்தாள். மைக்கன் சாவியோடு வந்தாள். வீடு இனி தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மூன்று முறை தட்டினாள். கொஞ்ச நேரம் நின்று, பிறகு திறந்துகொண்டு உள்ளே போனாள்.