கால் மணிக்கு ஒரு பிஸ்கட்

கதவடி இடுக்கில் நான்காவது பிஸ்கட்டைத் தள்ளினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஈரமான மூச்சு விரல்நுனியில் பட்டது. பிஸ்கட் மெல்ல உள்ளே போனது.

“சமத்துடா. அப்படியே படுத்துக்கோ.”

கூடத்தில் விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர். போன வருடம் இதே கூட்டத்தில்தான் அவள் நாய் கருவாயன், நாத்தனார் மகனின் கால்சட்டையைக் கவ்விவிட்டான். பல் படவில்லை. ஆனாலும் மாமியார் அன்றே சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை இந்த நாய் வாயைத் திறந்தா, வேற வீட்டுக்கு அனுப்பிடணும்.” கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு இருப்பவன். இந்த வீட்டில் அவள் மனம்விட்டுப் பேசுவது அவனிடம் மட்டும்தான்.

கால்நடை மருத்துவர் சொன்ன வழியை, வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ரத்தம் சோதிக்கிற அதே கவனத்தோடு இரண்டு வாரம் பழக்கியிருந்தாள். பின்னறை. இழுத்துவிட்ட திரை. சத்தமாகச் சுழலும் மின்விசிறி. துவைக்காத அவள் சட்டை ஒன்று. கால் மணிக்கு ஒரு பிஸ்கட், அதே வார்த்தைகள். எல்லோரும் போகும்வரை கதவைத் திறக்கவே கூடாது. காலையில் குளிக்கப் போகும் முன் அவனை உள்ளே விட்டுச் சாத்தியவள், பிறகு திறக்கவில்லை.

ஒரு குரைப்புகூட இல்லை. குழந்தைகள் பலூன் உடைத்தபோதும் இல்லை.

“நாயை யாருக்காவது குடுத்துட்டீங்களா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“ரூம்லதான் இருக்கான். பிஸ்கட் சாப்பிடறான்.”

“அடேயப்பா! எங்க வீட்டுக்காரரே இவ்வளவு சத்தமில்லாம சாப்பிட மாட்டாரே.”

மாமியாரும் சிரித்துவிட்டார். “சரிம்மா. உள்ள இருக்கிறது நம்ம வீட்டோடயே இருந்துட்டுப் போகட்டும். இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்த பிஸ்கட்டோடு நடைவழிக்கு ஓடினாள்.

பின்வாசல் திறந்தது. காலையிலிருந்து ஆட்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த கணவன், திருடன் மாதிரி அடிமேல் அடிவைத்து வந்தான். கையில் கயிறு. கயிற்றின் முனையில் கருவாயன்.

“திட்டாத. நீ குளிக்கிறப்போ இவனை மெக்கானிக் ஷெட்ல விட்டுட்டு வந்தேன். குரைச்சுத் தொலைச்சா அம்மா சும்மா இருக்க மாட்டாங்க. சொன்னா நீ விட மாட்டியேன்னுதான் சொல்லல. அங்க ஒரே அழுகையாம். ரூம்லயே போட்டுடு.”

“அப்போ ரூம்ல யாரு?”

“யாரு இருப்பா? நான்தானே இவனை வெளிய கூட்டிட்டு வந்து சாத்தினேன்.” கூடத்திலிருந்து யாரோ கூப்பிட, கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான்.

கருவாயன் கதவைப் பார்த்தான். முதுகு மயிர் சிலிர்த்தது. கால் மணி தாண்டியிருந்தது. உள்ளிருந்து நகங்கள் மரத்தில் மெதுவாக, பொறுமையாகக் கீறின.

கருவாயன் தொண்டையில் உறுமல் கிளம்பியது. நாலே எட்டில் கூடம். மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது. அவள் மண்டியிட்டு இரு கைகளாலும் அவன் வாயைப் பொத்தினாள்.

“சமத்துடா. அப்படியே படுத்துக்கோ.”

உள்ளே கீறல் நின்றது. ஏதோ ஒன்று பெருமூச்சுவிட்டுப் படுத்து, கதவில் முதுகைச் சாய்த்தது. மரம் முனகியபடி அவள் பக்கம் லேசாகப் பிதுங்கியது. உள்ளங்கைகளுக்குள் உறுமல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.