அழைத்துச் செல்ல விரும்பினார்

மனைவி இறந்து ஆறு வாரம் கழித்து மருத்துவமனைப் பதிவறைக்குப் போனேன். மாமியாரும் வந்தார். டிஸ்சார்ஜ் தாளை மச்சான் அவருக்குப் படித்துக் காட்டிய நாளிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்ல உறவினர் விரும்பினார். அந்த உறவினர் நான். மறுநாள் அவள் வீட்டில் இறந்தாள்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். அந்த மொழியில் விரும்புவதும் செய்வதும் ‘wanted to take’ என்று அடுத்தடுத்து வந்தால் இரண்டுக்கும் ஆள் ஒருவரே. ‘wanted him to take’ என்று நடுவில் இன்னொருவரை நிறுத்தினால், விரும்பியவர் வேறு, செய்தவர் வேறு. உண்மையில் விரும்பியவர் மருத்துவர். நடுவில் நிறுத்தப்பட்டவன் நான். தாளில் மருத்துவரையே காணோம்.

காய்ச்சல் இறங்கவில்லை என்று அன்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். "வெளிய மூணு பேர் கட்டிலுக்கு நிக்கிறாங்க, கூட்டிட்டுப் போங்க" என்றார். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டேன்.

"கையெழுத்து உங்களுதுதானே சார்?" என்றார் பதிவறை எழுத்தர்.

"ஆமா. அப்ப இந்த வரி இல்ல."

"எப்படி இருக்கும்? வார்டுல கையெழுத்து வாங்கி அனுப்புவாங்க. இங்க வந்தப்புறம் நான் அடிப்பேன்." இழுப்பறையிலிருந்து அந்த வரி பொறித்த ரப்பர் முத்திரையை எடுத்துக் காட்டினார். பெருமையாகவே காட்டினார்.

"எல்லாருக்கும் இதேவா?"

"ஆளுக்கொரு கதை எழுதிட்டா இருக்க முடியும்? இதையெல்லாம் யாரு சார் உக்காந்து படிக்கிறா?"

"என் மகன் படிச்சான்" என்றார் மாமியார்.

எழுத்தர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போகச் சொன்னது யாரு?"

"டூட்டி டாக்டரா இருக்கும்மா."

"அப்ப அதை எழுதுப்பா."

"மாத்தணும்னா மனு குடுக்கணும். சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும். வீட்டுல எனக்கு யாரு காத்திருக்கா?"

நான் தாள் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் இருந்ததை எழுதுங்க மாப்ள."

எழுதினேன்.

"அந்த டாக்டர் பேரையும் எழுதுங்க. பெரிசா."

"பேரு தெரியாது அத்தை."

அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "பேரைச் சொல்லுப்பா."

எழுத்தர் இழுப்பறையை மூடினார். சாப்பாட்டு நேரம் என்றார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.