மூன்றாவது குலவை

எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அழகம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மேலே இரும்புக் கூரை, சிவப்புச் சட்டை போர்ட்டர்கள், தாடியும் தலைப்பாகையுமாக ஒரு சர்தார்ஜி, கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண்கள், ஆளுக்கொரு பாஷையில் கூப்பாடு. திருவரங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற எனக்குப் பட்டணம் என்றால் அதுவரை புதுக்கோட்டைதான், மிஞ்சிப்போனால் திருச்சி. "அழகு, அங்கிட்டுப் பாரு, எம்புட்டுப் பெரிய கடியாரம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டினேன். என் மனைவி என் செருப்பைப் பார்த்தபடியே "ம்" என்றாள்.

1957ஆம் வருஷத்து நவராத்திரி அது. எங்களை வரச்சொல்லி ஒற்றைக் காலில் நின்றவன் கிபாயத்துல்லா. அறந்தாங்கிக்காரன். அவன் வாப்பாவின் கடையில் நான் சரக்கெடுக்கப் போன காலத்திலிருந்து பழக்கம். அவன் என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது மெட்ராஸ் மண்ணடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். பக்ரீத்துக்கு ஊருக்கு வந்தவன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். அழகம்மாள் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்தான். வாசலுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நவராத்திரிக்கு அங்கிட்டு வந்துரு மாப்ளே. ஒலகத்துல உள்ள சாமியெல்லாம் அப்ப எங்க ஊருலதான் குடியிருக்கும். தங்கச்சி கண்ணுக்கு வேற ஏதாச்சும் படட்டும்."

எங்கள் மகள் பொன்னுத்தாய் போய் அப்போது மூன்று வருஷம். நாலு வயசுப் பிள்ளை. ஆடி மாசம், ஊரில் முளைப்பாரி எடுப்பு, பெண்கள் பயிர் முளைத்த பானைகளைச் சுமந்துபோய்க் குளத்தில் கரைக்கிற நாள். முளைப்பாரி என்றாலே எங்கள் ஊரில் அழகம்மாள்தான். அவள் குலவை போட்டால் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, தராசைப் பிடித்த கை நின்றுவிடும். குலவையை எல்லாப் பெண்களும்தான் போடுவார்கள். ஆனால் இவள் தொண்டை இன்னொரு தினுசு. மற்றவர்களுக்கு மூச்சு முட்டிய பிறகும் இவளுடையது மட்டும் தனியாக நீண்டு போகும். அன்றைக்குப் பிள்ளைக்கு லேசாக மேல் சுட்டது. பக்கத்து வீட்டு மருதாயி, "நான் பாத்துக்கிடுறேன், நீ போ" என்றாள். இவள் போய்க் குளத்தங்கரையில் குலவை போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டது. மறுநாள் பிள்ளை இல்லை.

"என் வாயிதான் எம் பிள்ளைய முழுங்கிருச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு குலவை இல்லை, கோயில் இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. துக்க வீட்டுக்கு ஒரு வருஷம் பண்டிகை கிடையாது என்பது வழக்கம். வருஷம் முடிந்து உறவுமுறை எல்லாம் புதுச் சேலையோடு வந்து பண்டிகை எடுத்துவைத்தார்கள்; இவள் அந்தப் புதுச் சேலையைக் கொடியில் போட்டதோடு சரி. யாராவது பொன்னுத்தாய் என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும்போல இருந்தது. அது எப்படிச் சிரிக்கும், என்ன கேட்கும் என்றெல்லாம் பேச வேண்டும். யாரிடம் போய்ப் பேசுவது? அந்தப் பிள்ளையை என்னளவு தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் வாயைப் பூட்டிக்கொண்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. மெட்ராஸுக்கு நான் ரயிலேறியது அந்த ஆசையில்தான்.

மண்ணடியில் கிபாயத்துல்லாவின் மனைவி ஹவ்வா உம்மாள் எங்களைத் தாங்கினாள். தாங்கினாள் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. "அண்ணே, ஒங்களுக்கு விரத நாளுன்னு இந்த ஒம்பது நாளும் வீட்டுல கவுச்சியே ஏத்தல" என்று புதுச் சட்டி வாங்கிச் சாம்பார் வைத்துப் போட்டாள். அவள் கை பிரியாணியை நினைத்துக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்தே நாக்கைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவன் நான். எங்கள் சாதியில் அந்த விரதமெல்லாம் கிடையாது தாயே என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு மரியாதையோடு போட்ட சாம்பாரைத் தட்டிப் பேசினால் வாய் அழுகிப்போகும். கப்சிப்பென்று சாப்பிட்டேன். நன்றாகவும்தான் இருந்தது.

கிபாயத்துல்லா சொன்னது பொய்யில்லை. மயிலாப்பூரில் அவன் கடை வாடிக்கைக்காரர் வீட்டுக் கொலுவுக்குப் போனோம். படிப்படியாகப் பொம்மைகள், அதற்குக் கீழே மணலில் ஒரு ரயிலடி, குளம், செட்டியார் கடை. என் கடையையே யாரோ சின்னதாக்கி வைத்தது மாதிரி இருந்தது. செட்டியாரின் தொப்பை மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு சபாவில் கச்சேரி கேட்டோம். மிருதங்கம் போன போக்கில் நானும் தொடையைத் தட்டினேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் கையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு அவரே குனிந்து, எங்கே தட்ட வேண்டுமென்று தன் விரலால் என் முழங்காலில் தட்டிக் காட்டினார். வீதியில் தெலுங்கு கேட்டது, மலையாளம் கேட்டது, இந்துஸ்தானி கேட்டது. எந்த வாசலிலும் எங்களை யாரென்று கேட்கவில்லை. வா என்றார்கள், உட்கார் என்றார்கள், கையில் சுண்டலைக் கொடுத்தார்கள். ஊரில் அழகம்மாளைப் பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் முதலில் பாவம் என்று சொல்லிவிட்டுத்தான் அவளைப் பார்க்கும். இங்கே அவள் சேலை கட்டிய இன்னொரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். அதற்காகவே அந்த ஊரை விழுந்து கும்பிடலாம்.

ஆனால் அவள் நிமிரவில்லை. கொடுத்த சுண்டலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவாள். சௌகார்பேட்டையில் நான்தான் கெடுத்தேன். அங்கே ஒரு முற்றத்தில் குஜராத்திப் பெண்கள் நடுவில் பானை வைத்து, அதற்குள் விளக்கேற்றி, சுற்றிச் சுற்றிக் கைதட்டி ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஒரே குதூகலம். நம்ம கும்மியேதான், இதைப் பார்த்தால் இவள் மனசு இளகிவிடும் என்று பெரிய வைத்தியன் மாதிரி கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் வட்டமாகக் குனிந்து நிமிர்ந்து கைதட்டினார்கள். அழகம்மாள் அந்தப் பானையை ஒரு தடவை பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"ஏங்க, போயிருவோம்" என்றாள். அந்தி மசங்குவதற்குள் வீடு திரும்பிவிட்டோம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயதசமி அன்று பகலில் கிபாயத்துல்லா, "இன்னைக்கு ஒரு எடம் பாக்கி இருக்கு" என்றான். தியாகராய நகர்ப் பக்கம் வங்காளிகள் பந்தல் போட்டுத் துர்க்கைக்குப் பூசை செய்கிறார்கள். பந்தல் துணி முழுக்க இவன் கடையில் எடுத்தது. கடைசி நாள் குடும்பத்தோடு வந்து இனிப்பு சாப்பிடாமல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்களாம். எனக்கு உள்ளூரப் பயம்தான். மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு தடவை அவள் முகம் சுண்டுவதைப் பார்க்கத் தெம்பில்லை. அவளைக் கேட்டேன். "மதினி வருதுன்னா வாரேன்" என்றாள். ஹவ்வா உம்மாள் உடனே வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பந்தலுக்குள் ஆளுயரத்துக்கு மேலே அம்மன். பத்துக் கை. காலடியில் அசுரன், பக்கத்தில் பிடரி சிலிர்த்த சிங்கம். சிவப்புக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவன் தோளில் பெரிய கொட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு அடித்தான். அதன் நுனியில் கொக்கிறகு கொத்தாக ஆடியது. பெண்கள் ஒவ்வொருவராக முக்காலியில் ஏறி, வெற்றிலையால் அம்மனின் கன்னத்தைத் துடைத்தார்கள், வாயில் இனிப்பை வைத்தார்கள், காதில் ஏதோ சொன்னார்கள். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஏன் மாப்ளே, அழுவுறாங்க?" என்று ஹவ்வா உம்மாளின் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

கிபாயத்துல்லா விசாரித்து வைத்திருந்தான். "அந்தம்மா இவங்க வீட்டுப் பொண்ணாம் மாப்ளே. வருசத்துல இந்த நாலஞ்சு நாளு பொறந்த வீட்டுக்கு வந்துட்டு, இன்னைக்குத் திரும்பிப் போகுதாம். சாயங்காலம் கடல்ல கொண்டுபோய்க் கரைச்சுருவாங்க. மகளை அனுப்பி வைக்கிறாங்கள்ல, அதான்."

அழகம்மாள் அதைக் கேட்டாள். அவள் கேட்டது எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

கொட்டு வேகமெடுத்தது. ஆண்கள் அம்மனைத் தூக்க மூங்கிலைக் கட்டினார்கள். அந்த நேரம் பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், குலவைதான். எங்கள் ஊர்க் குலவை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்த வெள்ளைச் சேலைக்காரிகள் திருவரங்குளத்துக் குளத்தங்கரையில் நிற்பதுபோல நின்று குலவை போட்டார்கள். "ஆத்தி, எங்க கல்யாண வீட்டுலயும் இப்புடித்தானே போடுவோம்" என்றாள் ஹவ்வா உம்மாள். ஒன்று ஓய்ந்தது. இரண்டாவது போட்டார்கள். அதுவும் ஓய்ந்தது. அதற்குள் யாரோ ஒருவர் சங்கை எடுத்து ஊதிவிட, பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் குலவையை இரண்டோடு விடமாட்டார்கள். மூன்று போட வேண்டும். சண்டைக்காரிகள்கூட இரண்டு முடிந்தால் மூன்றாவதற்குச் சேர்ந்துகொள்வார்கள். இரண்டோடு விட்டால் புறப்பட்ட காரியம் பாதி வழியில் நிற்கும், போகிறவர் நல்லபடியாகப் போய்ச் சேரமாட்டார் என்பது பெண்களின் கணக்கு. வங்காளத்தில் என்ன கணக்கோ. சங்கு ஓய்ந்தது. கொட்டும் ஓய்ந்தது. மூங்கிலைத் தோளில் ஏற்றினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் அழகம்மாளைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்களின் வாயை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போடுங்களேன், இன்னொன்று போடுங்களேன் என்று கெஞ்சுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. அம்மன் அசைந்தாள். அழகம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது.

அவள் போட்டாள். மூன்று வருஷம் அடைத்துக் கிடந்த தொண்டை முதலில் கரகரத்தது, பிறகு திறந்துகொண்டது. பந்தலே திரும்பிப் பார்த்தது. தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். நீண்டுகொண்டே போனது அந்தக் குலவை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நாக்கு மட்டும் நிற்கவில்லை. பூசை நடுவில் வேற்றாள் புகுந்து கெடுத்துவிட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ, கிபாயத்துல்லாவின் வியாபாரத்துக்கு ஏதும் பங்கம் வந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

அவள் ஓய்ந்ததும் பருத்த உடம்புக்கார அம்மாள் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நான் கும்பிடப் போனேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை. அழகம்மாளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். வங்காள பாஷையில் ஏதோ கேட்டாள். அழகம்மாள் தமிழில், "தெரியாமப் போட்டுட்டேன் ஆத்தா. ரெண்டோட நின்னுருச்சு, அதான்" என்றாள். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, தட்டிலிருந்த குங்குமத்தை அள்ளி அழகம்மாளின் வகிட்டில் வைத்தாள், நெற்றியில் வைத்தாள், கன்னம் இரண்டிலும் தேய்த்தாள். அதைப் பார்த்து மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்குக் குங்குமம், வாய்கொள்ளாமல் இனிப்பு. நடுவில் என் மனைவியின் முகம் தெரியவில்லை, சிவப்புத்தான் தெரிந்தது. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து இன்னொரு குலவை போட்டு அம்மனை அனுப்பினார்கள். அதில் ஹவ்வா உம்மாளின் குரலும் இருந்தது. அந்தப் பருத்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

கிபாயத்துல்லா கடையைத் திறக்க வேண்டுமென்று எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டான். நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். பெண்கள் இருவரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக அவள் கன்னத்துக் குங்குமத்தில் விழுந்தது. பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் பேசினாள். "எம்மக பொன்னுத்தாயி இருந்திருந்தா, அந்தச் சிங்கத்தப் பாத்துட்டுப் பயந்துபோயி என் இடுப்புல ஏறியிருப்பா, மதினி."

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. "அவளாவது, பயப்படுறதாவது. கிட்டக்கப் போயி, சிங்கத்துக்குச் சோறு போட்டாச்சான்னு கேட்டிருப்பா" என்றேன்.

அழகம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போக அங்கே உள் இல்லை. அவள் தேடவும் இல்லை. "ஆமா, கேப்பா" என்றாள். "கடை வாசல்ல நின்ன கழுதைக்கே கேட்டவதான?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. எனக்கும்தான்.

ஹவ்வா உம்மாள் எழுந்தாள். "அண்ணே, இங்க வந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் காலியான இடத்துக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். அழகம்மாள் ஜன்னலோரம் நகர்ந்தாள். எனக்கு வேண்டிய இடத்துக்கு மேலேயே நகர்ந்தாள். நானும் சீட்டின் இந்த ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு சின்னப் பிள்ளை உட்காருகிற அளவு இடம் கிடந்தது. பஸ் நிறைந்துகொண்டே வந்தது. கண்டக்டர் எங்கள் பக்கம் வந்து, அவளுடைய சிவந்த முகத்தையும் என்னையும் பார்த்தார்.

"இன்னாப்பா, கொஞ்சம் நவுந்து குந்து. நடுவுல இன்னொரு ஆளு குந்தலாம்" என்றார்.

நாங்கள் இரண்டு பேருமே நகரவில்லை.