மடங்கிய மோதிர விரல்

ஹெஸ்டர் கார்சைடு ஒத்திகையில் தாண்டக்கூடாத ஓர் இடத்தைத் தாண்டினாள். அந்த நொடியே எனக்குப் பொறி தட்டியது.

லீட்ஸ் டவுன் ஹால், சனிக்கிழமை காலை. பிற்பகல் கச்சேரி, வானொலியில் நேரடி ஒலிபரப்பு. ஹெஸ்டரே எழுதி, ஹெஸ்டரே பியானோ வாசிக்கும் இசை. கடைசிக்குச் சற்று முன் இசைக்குழுவில் நாங்கள் எல்லோரும் வாத்தியங்களை இறக்கிவிடுவோம். அவள் மட்டும் தனியாக வாசிப்பாள். முடிவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக அதிரவிடுவாள். அந்த அதிர்வுதான் சைகை. அதைக் கேட்டுத்தான் நடத்துநர் லயனல் டிராஸ்க் கோலை உயர்த்துவார், நாங்கள் நுழைவோம்.

ஒத்திகையில் தனிப்பகுதியை யாரும் முழுக்க வாசிப்பதில்லை. ஆனால் அந்த அதிர்வை வாசித்துக் காட்டாமல் விடுவதும் இல்லை. ஹெஸ்டர் விட்டாள். "உங்களுக்குத் தெரியாததா லயனல், மேல போங்க" என்றாள் சிரித்தபடி.

முதல் வயலின் பெர்சி ஆலரன்ஷா என் பக்கம் திரும்பினான். அவனுக்குத் தாள் புரட்டும் பக்கத்து நாற்காலிக்காரன் நான். "பொய்யா சிரிக்கிறா" என்றான்.

தேநீர் இடைவேளையில் அவளைப் பிடித்தோம். பெர்சியும் அவளும் ஒரே ஊர்க்காரர்கள், மறைக்க முடியவில்லை. வலது கையை மேஜை மேல் வைத்து வாசிப்பது போலத் தட்டினாள். மோதிர விரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கியது. கோப்பை பிடித்தால் ஒன்றும் இல்லையாம், ஸ்வெட்டர் பின்னினால் ஒன்றும் இல்லையாம். கட்டையைத் தொட்டால் மட்டும் மடங்குமாம். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மற்ற இடங்களில் விரல் மாற்றிச் சமாளித்துவிட்டாள். அதிர்வு வரும் இடத்தில் மற்ற விரல்களெல்லாம் கீழே மெட்டைப் பிடித்திருக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம்.

"லயனல்கிட்ட சொல்லிடும்மா" என்றான் பெர்சி.

"சொன்னா நாளைக்கே ஊரெல்லாம் தெரியும். அப்புறம் யார் கூப்பிடுவா? நான் வாசிக்கலைன்னா என் இசையை யாரு வாசிப்பா?"

"அந்தப் பியானோக்காரி ஊனா பிக்கர்ஸ்கில் வாசிக்கறேன்னு தாளைக் கேட்டாளே. நீதானே தரமாட்டேன்னுட்ட."

ஹெஸ்டர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கொடுத்தா என்னைவிட நல்லா வாசிச்சிடுவா, பெர்சி."

இடைவேளை முடிந்தது. மணி அடித்தது.

பிற்பகல். அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் விமர்சகர்கள், மடியில் இன்றைக்கு மட்டும் இரவல் கொடுத்த இசைத்தாள். தனிப்பகுதி தொடங்கியது. நெருப்பு மாதிரி வாசித்தாள். தப்பித்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

அதிர்வு. ஒரு ஸ்வரம் ஒலித்தது. அடுத்தது இல்லை.

விரல் மடங்கிவிட்டது. டிராஸ்கின் கோல் பாதி உயரத்தில் நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ இருமினார்கள். பெர்சி மெல்ல வயலினைத் தோளுக்குக் கொண்டுபோனான். அந்த அதிர்வை அவனே வாசிக்கப் போகிறான் என்று புரிந்தது. ஹெஸ்டர் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பிடித்திருந்த மெட்டை அப்படியே விட்டாள். இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் நாள் பாடம் படிக்கும் குழந்தை போல அந்த இரண்டு கட்டைகளையும் தட்டினாள். மெதுவாக. பிறகு வேகமாக. முன்வரிசையில் ஒரு பென்சில் அசைந்தது. கோல் உயர்ந்தது. நாங்கள் பாய்ந்தோம்.

முடிந்ததும் அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. வழக்கம்போல முதல் வயலினுக்குக் கைகொடுக்க வந்தாள். நீட்டியது இடது கை. குனிந்தவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஊனாவை வீட்டுக்கு வரச்சொல்லு. தாளைக் கொடுத்துடறேன்."

"நிஜமாவா?"

"மனசு மாறறதுக்குள்ள வரச்சொல்லு."

கைதட்டல் ஓயவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று மாடியிலிருந்து கேட்டார்கள். ஹெஸ்டர் பியானோவிடம் போனாள். உட்காரவில்லை. கட்டைகளின் மேல் மூடியை இறக்கி மூடினாள்.

களைத்துவிட்டாள் போலும் என்று அரங்கு செல்லமாகச் சிரித்தது. பெர்சி தலையைக் குனிந்துகொண்டு, வாசிப்பு முடிந்ததும் செய்வதுபோல, வில்லைத் தளர்த்த ஆரம்பித்தான்.