எலேனாவின் ஊர்

“பாடத்துல என் பேரப் போடுங்க சார்.”

லீவு கேள், முன்பணம் கேள், ஃபேன் ஓடவில்லை என்று சண்டைகூடப் போடு. இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஏகநாதன் சொல்லியிருந்தார். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் அவருடைய ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் அமெரிக்காக்காரர்களுக்கு ஆன்லைனில் ஸ்பானிஷ் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் பல்லவி. திரையில் தெரிவது எலேனா என்ற பெயரும் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் படமும்.

ஏகநாதன் டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

“இன்னாம்மா காலங்காத்தால? ஸ்பானிஷ் கத்துக்க வர்றவனுக்கு ஸ்பெயின்காரி வேணும். நம்ம ஊரிகத்துக்காரி வேணுமா?”

“மேஸ்திரி பாடத்துக்கு மட்டும் போடுங்க. இல்லன்னா நான் எழுதினதுன்னு ஒரு லெட்டர் குடுங்க. பெங்களூர் ஸ்கூல்ல இன்னிக்குள்ள கேக்கறாங்க.”

மேஸ்திரி பாடம் பெயரடையைப் பற்றியது. இங்கிலீஷ்காரர்கள் நிறத்தைச் சொல்லிவிட்டு வீட்டைச் சொல்வார்கள். ஸ்பானிஷில் வீடு முதலில், வெள்ளை பின்னால்: காசா பிளாங்கா. வீடு பலவானால் வெள்ளையும் பலவாகும்: காசாஸ் பிளாங்காஸ். வெள்ளை வீடு என்றே பேசி வளர்ந்த பல்லவியும் இதில் தடுக்கி விழுந்தவள்தான். அதனால்தான் பெயர்ச்சொல்லை மேஸ்திரியாகவும் பெயரடையை ஆளாகவும் வைத்து எழுத வந்தது: சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் மேஸ்திரி முதலில் ஏறுவார், ஆள் பின்னால் ஏறுவான். மேஸ்திரிக்கு என்ன கலர் ஹெல்மெட்டோ ஆளுக்கும் அதே கலர். மேஸ்திரி பொம்பளை என்றால் ஆளும் பொம்பளை. இரண்டு மேஸ்திரி என்றால் பின்னால் ஒற்றை ஆள் நிற்கக் கூடாது. அவள் பிறக்குமுன்னே மூடிவிட்ட சுரங்கம். ஆனாலும் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் கேஜும் ஷிஃப்டும்தான் பேச்சு.

ஏகநாதன் அதை ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் குரலில் பதிவு செய்து எலேனா பெயரில் வீடியோவாக வெளியிட்டார். “எங்கள் ஊர்ச் சுரங்கத்தில்” என்று அந்தக் குரல் ஆரம்பிக்கும்.

பெங்களூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னபோது பல்லவி அதே பாடத்தை எடுத்தாள். எலேனா வீடியோவை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறாய் என்றார்கள். உன்னுடையது என்றால் அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். ரயிலில் திரும்பி வரும்போது கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கால் மரத்துப்போவதுபோல் உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது.

“லெட்டரெல்லாம் ஆவாது,” என்றார் ஏகநாதன். “லெட்டர் குடுத்தா எலேனா பொய்னு ஆயிடும். தீபாவளிக்கு ஒரு பொடவ எடுத்துக்க, கடை நம்முளுதுதான? போ, கிளாஸுக்கு டைமாச்சு.”

அவர் கடையைத் திறக்கக் கீழே போனார்.

வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அப்பா அதற்கு ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவள் பெயர் அதில் மட்டும்தான் இருந்தது.

வகுப்பில் ரோஸ் என்ற ரிட்டையரான நர்ஸ், வழக்கம்போல “பிளாங்கா காசா” என்றாள். பல்லவி திருத்தினாள். ரோஸ் சிரித்துவிட்டு, “உங்கள் சுரங்கம் ஸ்பெயினில் எந்தப் பக்கம், எலேனா?” என்று கேட்டாள்.

பல்லவி கேமராமேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை உரித்தாள்.

“நான் எலேனா இல்லை. என் பெயர் பல்லவி. சுரங்கம் ஸ்பெயினில் இல்லை, இந்தியாவில்.” லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். கடைக்கூரைகளுக்கு அப்பால், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு தெரிந்தது. “அந்த மண் எங்கள் சுரங்கத்திலிருந்து வந்தது. மேஸ்திரி பாடம் நான் எழுதியது.”

ரோஸ் ஸ்பானிஷில் மேடு என்பதை முதலில் சொல்லி, சாம்பல் நிறம் என்பதைப் பின்னால் சேர்த்தாள். சரியாக இருந்தது.

“சரி,” என்றாள் பல்லவி.

போனில் யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். ஏகநாதன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

“பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா. உனுக்கு இன்னா கெடைச்சுது?”

“தெரியல சார்.”

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பக்கத்தில் மாடிச் சாவியை வைத்தாள். அதைக் காலையில் வீட்டிலேயே கொத்திலிருந்து கழற்றிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

“நாளைக்குக் கிளாஸ் யாரு எடுக்கறது?”

“எலேனாவ எடுக்கச் சொல்லுங்க.”

கடையில் துணி உதறும் சத்தம் கேட்டது. பல்லவி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.